ஜப்பானில் கொன்பினிச் செலவைக் குறைப்பது எப்படி?

கேள்வி: தோக்கியோவில் மொழிப்பள்ளியில் படிக்கிறேன். கொன்பினி எனப்படும் 24 மணி நேரச் சிறுகடையில் மட்டும் மாதம் 50,000 யென் வரை போய்விடுகிறது. கூப்பன், பாயின்ட் எல்லாம் பார்த்துத்தான் வாங்குகிறேன்; ஆனாலும் குறையவில்லை. நான் சைவம். சமைக்க நேரமும் குறைவு. செலவைக் குறைக்க என்ன செய்யலாம்? கொன்பினியில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தால் மீந்த சாப்பாடு இலவசமாகக் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

தம்பி, முதலில் உங்கள் 50,000 யென்னைப் பிரித்துப் பார்ப்போம். காலையில் ஒரு ரொட்டியும் காப்பியும் 300, மதியம் பாஸ்தாவோ பெந்தோ என்ற பெட்டிச் சாப்பாடோ 600, இரவில் இரண்டு ஒனிகிரி (சோற்று உருண்டை), ஒரு சாலட், ஒரு பாட்டில் தேநீர் என்று 700. நாளுக்கு 1,600, மாதத்துக்கு 48,000. உங்கள் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கடைகளின் பாயின்ட் பொதுவாக 200 யென்னுக்கு ஒன்று. அதாவது அரை சதவீதம். 48,000 யென்னுக்கு 240 பாயின்ட் வரும். ஒரு மாதம் முழுக்கக் கார்டை நீட்டியதற்குக் கிடைப்பது ஒரு ஒனிகிரியும் சில்லறையும்தான். கூப்பன் பார்த்து வாங்கியும் செலவு குறையாததற்குக் காரணம் இதுதான். எந்தக் கூப்பன் என்று தேடுவதைவிட, எந்தப் பொருளை அங்கே வாங்கலாம், எதை வாங்கவே கூடாது என்று பிரித்துக்கொள்வதில்தான் பணம் மிஞ்சும்.

கொன்பினியில் எல்லாமே விலை அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. சில பொருள்கள் அங்கே இருமடங்கு விலை. சில பொருள்கள் நாட்டில் எங்கே வாங்கினாலும் ஒரே விலை. சில வேலைகளை அங்கே முடித்தால்தான் மலிவு.

விலை ஏன் கூடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பிரிப்பது சுலபம். ஜப்பானின் முதல் செவன் இலெவன் கொன்பினி 1974 மே மாதம் தோக்கியோவின் தொயோசுவில் திறக்கப்பட்டது. இன்று நாடு முழுக்கக் கொன்பினிகள் 55,000க்கு மேல். ஒரு கடை ஏறக்குறைய 100 சதுர மீட்டர். அதற்குள் மூவாயிரம் வகைப் பொருள்கள். பின்னால் பெரிய கிடங்கு கிடையாது. ஆகவே சிறு சிறு அளவாக, ஒரே நாளில் பலமுறை வண்டியில் கொண்டுவந்து அடுக்குகிறார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் விளக்கும் குளிர்பதனமும் ஆளும் வேண்டும். இதற்கு மேல், கடையை நடத்துபவர் பெயர்ப் பலகைக்காக லாபத்தில் ஒரு பங்கைத் தலைமையகத்துக்கு ராயல்ட்டியாகக் கொடுக்க வேண்டும். இத்தனையும் பொருளின் விலையில்தான் ஏறும். எங்கும் கிடைக்கும் ஒரு பாட்டில் பானத்தை அங்கே வாங்கும்போது, அந்த நேரத்தில் அந்த இடத்தில் கடை திறந்திருப்பதற்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறீர்கள். அவசரத்துக்கு அது நியாயமான விலை. அன்றாடம் கொடுத்தால் கட்டுப்படியாகாது.

முதலில் நிறுத்த வேண்டியது பானங்களை. அரை லிட்டர் தேநீர், குளிர்பானம் எல்லாம் கொன்பினியில் 160, 180 யென் என்று இருக்கின்றன. அதே பாட்டில் சூப்பர் மார்க்கெட்டிலோ மருந்துக் கடையிலோ பல சமயம் 100 யென்னுக்குள் கிடைக்கும். காலைக் காப்பியையும் சேர்த்து நாளுக்கு இரண்டு பானம் என்றால் மாதம் 10,000 யென் தண்ணீராகவே போகிறது. ஜப்பானில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஒரு நல்ல குடுவை வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீர் சலித்தால் முகிச்சா இருக்கிறது. வறுத்த பார்லித் தேநீர். காஃபின் இல்லை, சர்க்கரை இல்லை, குளிர்ந்த நீரிலேயே ஊறும். ஐம்பது பை கொண்ட பொட்டலம் 200 யென் அளவில் கிடைக்கும். ஒரு பைக்கு ஒரு லிட்டர் வரும். இரவில் குளிர்பெட்டியில் போட்டுவைத்து, காலையில் குடுவையில் ஊற்றிக்கொண்டு போங்கள். வெளியே தீர்ந்துவிட்டால், வீட்டுப் பொருள்கள் விற்கும் முஜி கடைகள் பலவற்றில் குடிநீரை இலவசமாக நிரப்பிக்கொள்ளலாம்; 2020இல் இருந்து செய்கிறார்கள். வேறு எதையும் மாற்றாமல் இதை மட்டும் செய்தாலே உங்கள் செலவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

அடுத்தது சோறு. நேரம் குறைவு என்கிறீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அரிசிக் குக்கருக்கு நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. 2025இல் அரிசி விலை ஏறி ஐந்து கிலோ 4,000 யென்னைத் தாண்டியபோது பலரும் சமைப்பதைவிட வாங்குவது மேல் என்று சொல்லத் தொடங்கினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து கிலோ அரிசி வெந்தால் பதினோரு கிலோ சோறு. ஒரு கடை ஒனிகிரியில் சோறு ஏறக்குறைய 100 கிராம். ஆக ஐந்து கிலோவில் நூறு ஒனிகிரிக்கு மேல் வரும். ஒன்றுக்கு அரிசிச் செலவு 40 யென்னைத் தொடாது. கடையில் அது 150, 200 யென். அரிசி எவ்வளவு ஏறினாலும் கடை ஒனிகிரியின் விலையும் கூடவே ஏறுகிறது, ஆகவே இந்த இடைவெளி மறைவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையாக வடித்து, சூடு இருக்கும்போதே ஒரு வேளைக்கு ஒன்றாக மெல்லிய உறையில் சுற்றி உறைய வைத்துவிடுங்கள். ஜப்பானியக் குடும்பங்கள் எல்லாம் செய்வதுதான் இது. மைக்ரோவேவில் இரண்டு மூன்று நிமிடத்தில் புதுச்சோறு போலவே ஆகிவிடும். தோக்கியோவில் இந்தியர் அதிகம் வாழும் நிஷிகசாயில் நம்மவர் கடைகளில் பருப்பும் புளியும் ரசப்பொடியும் கிடைக்கின்றன. தயிர் எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் உண்டு. தயிர்ச்சோறும் ஊறுகாயும் கைக்கு வந்தால் இரவு ஒனிகிரிக்கு வேலை இல்லை.

கொன்பினிக்குப் பழகிய காலுக்கு வேறு கடை காட்ட வேண்டும். உங்கள் வீட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையில் மாய்பாஸ்கெட் இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். ஏயோன் என்ற பெரிய சூப்பர் மார்க்கெட் குழுமத்தின் சின்னக் கடை அது. கொன்பினி அளவே இருக்கும், ஆனால் விலை சூப்பர் மார்க்கெட் விலை. 2005இல் யொகொஹாமாவில் தொடங்கி இன்று தோக்கியோ, கனகாவா பகுதிகளில் ஆயிரம் கடைகளைத் தாண்டிவிட்டது. காலையில் திறந்து நள்ளிரவுக்குக் கிட்டத்தட்ட வரை இருக்கும் கடைகள் பல. களைத்து வரும் நேரத்தில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குச் சுற்றிப்போக யாருக்கும் மனம் வராது. ஆனால் கொன்பினிக்கு எதிர்ப்பக்கத்தில் மாய்பாஸ்கெட் இருந்தால் நுழைந்துவிடலாம். லாசன் ஸ்டோர் 100 என்ற பச்சைப் பலகைக் கடையும் இப்படித்தான். ஒரு காலத்தில் எல்லாமே 100 யென் என்று இருந்தது. இப்போது அப்படி இல்லை, என்றாலும் காய்கறி, ரொட்டி, தோஃபு எல்லாம் சிறு அளவில் மலிவாகக் கிடைக்கும். மருந்துக் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். பால், முட்டை, ரொட்டி, நூடுல்ஸ் எல்லாவற்றையும் ஆளை இழுப்பதற்காகவே அங்கே குறைந்த விலைக்குப் போடுகிறார்கள். லாபத்தை மருந்திலும் அழகுப் பொருளிலும் பார்த்துக்கொள்கிறார்கள். நீங்கள் பாலை மட்டும் வாங்கிக்கொண்டு வரலாம்.

வடக்கே ஹொக்கைதோ பக்கம் போக நேர்ந்தால் நான் சொன்னதில் பாதியை மறந்துவிடலாம். அங்கே செய்கோமார்ட் என்று அந்த மண்ணின் கொன்பினி ஒன்று இருக்கிறது. 1971இல் சப்போரோவில் தொடங்கியது. தொயோசு கடையைவிட மூத்தது. பாலும் காய்கறியும் அந்த மாநிலத்திலேயே எடுத்து, தாங்களே தயாரித்து, தாங்களே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அதனால் மற்ற கொன்பினிகளைவிட விலை கணிசமாகக் குறைவு. ஒரு கொன்பினி இப்படியும் நடக்கலாம் என்று பார்க்க எனக்கு எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

இனித் தள்ளுபடி ஒட்டிக்கு (ஸ்டிக்கருக்கு) வருவோம். கொன்பினியில் உண்மையான மிச்சம் இருக்கும் இடம் இதுதான். இதன் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது தெரிந்தால் எந்தக் கடையில் எப்போது தேடுவது என்பது தானே விளங்கும்.

சூப்பர் மார்க்கெட்டில் மாலை ஏழு, எட்டு மணிக்கு மேல் பாதி விலை ஒட்டி வருவதைப் பார்த்திருப்பீர்கள். கொன்பினியில் நீண்ட காலம் அது கிடையாது. நேரம் முடிந்ததைக் குப்பையில் போட்டார்கள், விலையைக் குறைக்கவில்லை. காரணம் ராயல்ட்டி கணக்கில் இருந்தது. ஓர் உதாரணம்: கடைக்காரர் 70 யென்னுக்குப் பத்து ஒனிகிரி எடுத்து 100 யென்னுக்கு விற்கிறார். எட்டு விற்றது, இரண்டு மிச்சம். சாதாரணக் கணக்கில் வரவு 800, செலவு 700, லாபம் 100. ஆனால் கொன்பினிக் கணக்கில், குப்பைக்குப் போன இரண்டின் அடக்கவிலையைச் செலவில் சேர்ப்பதில்லை. வரவு 800, விற்ற எட்டின் செலவு 560, மொத்த லாபம் 240 என்று எழுதி, அதில் ராயல்ட்டி எடுக்கிறார்கள். ராயல்ட்டி அறுபது சதவீதம் என்று வையுங்கள். தலைமையகத்துக்கு 144, கடைக்காரருக்கு 96. குப்பைக்குப் போன 140 யென் அவர் தலையில். கடைசியில் அவருக்கு 44 யென் நட்டம். அதே இரண்டு ஒனிகிரியை 50 யென்னுக்கு விற்றிருந்தால் வரவு 900, லாபம் 200, ராயல்ட்டி 120, அவருக்கு 80 யென் மிச்சம். தலைமையகத்துக்கோ 144க்குப் பதில் 120தான். யாருக்குத் தள்ளுபடி பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்பது இதிலேயே தெரிகிறது.

கடைக்காரர்கள் விலை குறைப்பதைத் தடுத்ததற்காக 2009 ஜூன் மாதம் ஜப்பான் நியாய வணிக ஆணையம் செவன் இலெவன் ஜப்பானுக்குத் தடை உத்தரவு போட்டது. அதன்பின் குப்பைக்குப் போகும் உணவின் செலவில் 15 சதவீதத்தைத் தானே ஏற்பதாக அந்த நிறுவனம் அறிவித்தது. ஆனாலும் தள்ளுபடி பரவலாக வரப் பல ஆண்டுகள் ஆயின. ஃபேமிலிமார்ட் என்ற இன்னொரு கொன்பினி நிறுவனம் 2021இல் ‘எகோவாரி’ என்ற பெயரில் ஒட்டி முறையைக் கொண்டுவந்தது. செவன் இலெவன் 2024இல் ‘எகோதானே’ என்று தொடங்கியது. ஃபேமிலிமார்ட் பிறகு கண்ணீர் ததும்பும் ஒனிகிரிப் படம் போட்டு ‘காப்பாற்றுங்கள்’ என்று எழுதிய ஒட்டியை 2025இல் நாடு முழுக்கக் கொண்டுவந்தது. அந்தப் படத்தைப் பார்த்தால் எடுக்காமல் வர மனம் வராது. நல்லெண்ணத்தோடு செய்த நல்ல வேலை அது.

உங்களுக்கு வேண்டிய பாடம் இதுதான்: ஒட்டி ஒட்டுவது கடைக்காரரின் முடிவு. ஒரே பெயர்ப் பலகை உள்ள இரண்டு கடைகளில் ஒன்றில் தினமும் இருக்கும், மற்றதில் இருக்கவே இருக்காது. ஆகவே உங்கள் வழியில் உள்ள கடைகளைச் சில நாள் வெவ்வேறு நேரத்தில் கவனியுங்கள். நான் கவனித்தவரை, அலுவலகங்கள் சூழ்ந்த இடத்தில் மதிய நெரிசல் ஓய்ந்த பிறகும், வீடுகள் உள்ள இடத்தில் இரவு பிந்தியும் ஒட்டிகள் வருகின்றன. அடுத்த வண்டி வரும் முன் அலமாரியைக் காலிசெய்ய வேண்டும், அதுதான் காரணம். ஒட்டி உள்ளவை எப்போதும் அலமாரியின் முன்வரிசையில் இருக்கும். பின்னால் கைவிட்டு புதியதை எடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. உடனே சாப்பிடப் போவதானால் முன்னால் இருப்பதை எடுங்கள் என்று ‘தெமாயெதோரி’ பலகை வைத்திருப்பார்கள். ஒட்டி ஒட்டியிருப்பதால் கெட்டுப்போனது என்று நினைக்காதீர்கள். பெந்தோ, ஒனிகிரியில் நாளோடு மணியும் அச்சிட்டிருக்கும். அந்த நேரத்துக்கு முன்பே விற்பனையை நிறுத்திவிடுவார்கள். நேரம் கடந்ததைக் கல்லாப்பெட்டி ஏற்காது.

நீங்கள் சைவம் என்பதால் இன்னொரு செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வாங்கிவிட்டு, விவரம் தெரிந்ததும் சாப்பிட முடியாமல் தூக்கிப்போடும் செலவு. ஜப்பானிய உணவில் மீன் பெரும்பாலும் துண்டாக வராது, சாறாக வரும். கட்சுவோ மீனைக் காயவைத்துச் செதுக்கி எடுத்த தாஷிச் சாறு சோயா சாஸிலும், காய்கறிப் பொரியலிலும், சோறு அடைத்த இனிப்பான இனாரித் தோஃபுப் பையிலும், ஏன், உமெபோஷி என்ற ஊறுகாய் வைத்த ஒனிகிரியிலும்கூட இருக்கலாம். பொதியில் ஒவ்வாமைப் பொருள்களைக் காட்டும் பெட்டியைப் பார்த்து ‘மீன் இல்லை’ என்று நம்பி வாங்குபவர்கள் பலர். அந்தப் பெட்டியில் கட்டாயம் காட்ட வேண்டியவை இறால், நண்டு, கோதுமை, சோபா என்ற பக்வீட் தானியம், முட்டை, பால், நிலக்கடலை, வால்நட் போன்ற சில மட்டுமே. கட்சுவோ அவற்றில் இல்லை. காட்டினால் நல்லது என்ற இரண்டாம் பட்டியலிலும் இல்லை. ஆகவே அந்தப் பெட்டி உங்களுக்கு விடை சொல்லாது. பின்பக்கத்தில் உள்ள முழு மூலப்பொருள் பட்டியலைத்தான் கைப்பேசி கேமராவால் மொழிபெயர்த்துப் பார்க்க வேண்டும். ரொட்டி வகையில் பன்றிக்கொழுப்பு, இனிப்பில் ஜெலட்டின் இரண்டையும் தேடுங்கள். ஒருமுறை சரிபார்த்த பொருளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை நிற்க வேண்டாம். ஆனால் பொதியின் வடிவம் மாறினால் மறுபடியும் பாருங்கள், செய்முறையை மாற்றியிருப்பார்கள்.

வாழைப்பழம், வேகவைத்த எதாமாமே என்ற பச்சை சோயாக்காய், சாறு சேராத தோஃபு, உப்பில்லாத பருப்புக் கொட்டைகள், குளிர்காலத்தில் சுட்ட சர்க்கரைவள்ளி ஆகியவை உங்களுக்குக் கைகொடுக்கும். சாலட் வாங்கினால் ஊற்றும் கலவையைத் தனியாகப் பாருங்கள். அதில்தான் பெரும்பாலும் மீன்சாறு.

தயாரிப்பு நிறுவனப் பெயரில் வருவதைவிடக் கடையின் சொந்தப் பெயரில் வருவது குறைவு விலை. செவன் இலெவனின் செவன் பிரீமியம் 2007இல் வந்தது, ஃபேமிலிமார்ட்டின் ஃபாமிமாரு 2021இல். உறைந்த காய்கறி, தோஃபு, நாட்டோ (புளிக்கவைத்த சோயா), பால் போன்றவற்றில் இந்த வரிசைப் பொருள்கள் சூப்பர் மார்க்கெட் விலைக்கு நெருங்கியே இருக்கும். இரவில் வேறு கடை திறந்திருக்காத நாளில் இவற்றை எடுங்கள்.

விலைச்சீட்டில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் வரி சேராத விலை. வரி சேர்த்த விலையையும் காட்ட வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் சட்டம். அது சிறிய எழுத்தில் பக்கத்திலேயே இருக்கும், அதைப் பாருங்கள். உணவுக்கு எட்டு சதவீத வரி, மதுவுக்கும் மற்றப் பொருள்களுக்கும் பத்து. அதே உணவைக் கடைக்குள் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் பத்து. 2020 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைக்கும் காசு. எல்லாம் சின்னத் தொகைகள்தான், இவற்றுக்காக மனத்தை அலட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு துணிப்பையைப் பள்ளிப் பையில் மடித்துப் போட்டுவிடுங்கள்.

கூப்பன் விஷயத்தில் என் கருத்து இது. செவன் இலெவன், ஃபேமிலிமார்ட், லாசன் மூன்றின் செயலிகளையும் போட்டுக்கொண்டு தினமும் புரட்டினால் வாங்காத பொருளை வாங்க வைத்துவிடும். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கடையின் செயலியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம்’ என்பதில் பெரும்பாலும் இலவசப் பொருளுக்கான சீட்டு கையில் வரும், அதை மாற்றும் நாள் சில நாள் கழித்துத்தான் தொடங்கும். அதாவது மறுபடியும் உங்களைக் கடைக்கு வரவைக்கிறார்கள். வழக்கமாக வாங்கும் பொருளாக இருந்தால் மட்டும் எடுங்கள். மாதச் சந்தா கட்டி வாராவாரம் கூப்பன் பெறும் திட்டங்களும் உண்டு. செலவைக் குறைக்க நினைக்கும் உங்களுக்கு அவை வேண்டாம்.

இரண்டை மட்டும் விதிவிலக்காகச் சொல்வேன். ஒன்று, லாசனின் ‘ஓதாமேஷி’ மாற்றுச்சீட்டு. அங்கே செல்லும் பொன்தா அல்லது டி (d) பாயின்ட்டைக் காசாகச் செலவழித்தால் ஒரு பாயின்ட்டுக்கு ஒரு யென்தான். இந்தச் சீட்டில் குறிப்பிட்ட பொருளைப் பல சமயம் ஏறக்குறைய பாதிப் பாயின்ட்டுக்கே தருவார்கள். வேறு இடங்களில் சேர்ந்த பாயின்ட்டைக் கரைக்க இதைவிட நல்ல வழி இல்லை. எண்ணிக்கை குறைவு என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும். மற்றொன்று, மித்சுயி சுமிதோமோ போன்ற சில வங்கிக் கார்டுகளை ஸ்மார்ட்போனில் ஏற்றித் தொட்டுச் செலுத்தினால் செவன் இலெவன், லாசன் போன்ற கடைகளில் ஏழு சதவீதம் வரை பாயின்ட் கிடைக்கும். ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டிலேயே உண்டு. ஆனால் பிளாஸ்டிக் கார்டைச் செருகினால் அந்த விகிதம் கிடையாது. மாணவருக்கு வந்த புதிதில் கிரெடிட் கார்டு கிடைப்பது கடினம். வேலைக்குப் போனபின் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கொன்பினியிலேயே செய்துகொள்ள வேண்டியவை. தபால்தலை எங்கே வாங்கினாலும் ஒரே விலை. செய்தித்தாளும் புத்தகமும் அப்படியே. கட்டணக் குப்பைப்பை உள்ள ஊர்களில் அதன் விலையை ஊராட்சியே நிர்ணயிக்கிறது. இவற்றுக்காக வேறெங்கும் அலைய வேண்டாம்.

ஒளிநகல் கருப்பு வெள்ளை ஒரு தாள் 10 யென். ஆவணங்களுக்குச் சின்னப் படம் தேவைப்பட்டால் நிலையத்து வாசலில் இருக்கும் படப்பெட்டியில் 800, 1,000 யென் கேட்கும். கைப்பேசியில் வெள்ளைச் சுவர் முன் எடுத்து, அளவு சரிசெய்யும் இலவசச் செயலியில் அடுக்கி, கொன்பினி இயந்திரத்தில் ஒரு சாதாரணப் புகைப்படமாக அச்சிட்டால் 30, 40 யென்னில் முடியும். மை நம்பர் கார்டு என்ற அரசு அடையாள அட்டையை எடுத்துவிட்டீர்கள் என்றால் வசிப்பிடச் சான்றிதழையும் அதே இயந்திரத்தில் எடுக்கலாம். பல ஊர்களில் அலுவலகச் சாளரத்தைவிட இங்கே கட்டணம் குறைவு, விடுப்பு எடுக்கவும் வேண்டாம்.

குடை, சார்ஜர் வயர், காலுறை, பேட்டரி என்று சாப்பாடு அல்லாதவை அங்கே விலை கூடுதல். டைசோ, செரியா என்ற 100 யென் கடைகளில் வரியோடு 110 யென்னுக்குக் கிடைப்பது பல. செவன் இலெவனில் டைசோ பொருள்களை ஒரு பக்கம் தொங்கவிட்டிருப்பார்கள். அதே விலைதான், முதலில் அந்தப் பக்கம் பாருங்கள். மழை நாளில் வாங்கும் பிளாஸ்டிக் குடைதான் வெளியூர் மாணவர்களின் பெரிய வீண்செலவு. மடிக்கும் குடை ஒன்று பையிலேயே இருக்கட்டும்.

ஏடிஎம் கட்டணத்தை யாரும் கொன்பினிச் செலவில் சேர்ப்பதில்லை. வங்கியையும் நேரத்தையும் பொறுத்து ஒரு தடவைக்கு 110 முதல் 330 யென் வரை போகும். வாரம் ஒருமுறை 5,000 யென் எடுப்பவர் மாதம் ஆயிரம் யென் வரை இப்படியே கொடுத்துவிடுகிறார். உங்களைப் போன்ற மாணவர்கள் பெரும்பாலும் யூச்சோ என்ற தபால் வங்கிக் கணக்குதான் வைத்திருப்பீர்கள். தபால் நிலைய ஏடிஎம்மில் நோட்டாக எடுக்கக் கட்டணம் இல்லை. மாதம் ஒருமுறை மொத்தமாக எடுங்கள். தண்ணீர்க் கட்டணத்தை நோட்டீஸோடு கொன்பினியில் கட்டுவதைவிட வங்கிக் கணக்கிலிருந்து தானே பிடிக்கும்படி மாற்றினால் தோக்கியோ நீர்வாரியம் மாதம் ஏறக்குறைய 50 யென் தள்ளுபடி தருகிறது.

இதையெல்லாம் சேர்த்தால் என்ன ஆகும்? பானம் நின்றால் 10,000 குறையும். இரவுச் சாப்பாடு வீட்டுச் சோறானால், அரிசி, பருப்பு, தயிர் செலவு போக இன்னொரு 10,000. காலை ரொட்டியையும் பழத்தையும் மாய்பாஸ்கெட்டுக்கு மாற்றினால் நாலைந்தாயிரம். மதியச் சாப்பாட்டை மட்டும் கொன்பினிக்கு விட்டுவையுங்கள். வகுப்பு நடுவே அந்த வசதிக்குக் கொடுக்கும் விலை தகும். 25,000 யென்னில் மாதம் ஓடும். தோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபர் முதல் மணிக்கு 1,226 யென். நீங்கள் மிச்சப்படுத்தும் தொகை இருபது மணி நேர உழைப்புக்குச் சமம். அந்த நேரத்தைப் படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் இத்தனையும் சொல்கிறேன்.

கடைசியாகப் பகுதிநேர வேலை. மீந்த உணவு கிடைக்குமா என்பது கடைக்குக் கடை மாறும். சில கடைக்காரர்கள் கொடுக்கிறார்கள். பலர் தடை செய்திருக்கிறார்கள். கெட்டுப்போனதைச் சாப்பிட்டு உடம்புக்கு வந்தால் பொறுப்பு தங்கள் மேல் வரும் என்ற பயம் ஒரு காரணம், வேலையாட்கள் வேண்டுமென்றே அதிகம் வரவழைத்துவிடுவார்கள் என்பது இன்னொன்று. குப்பைக்குப் போவதுதானே என்று கேட்காமல் எடுத்தால் அது திருட்டாகவே கருதப்படும். மாணவர் விசாவில் இருக்கும் உங்களுக்கு அப்படி ஒரு புகார் வரவே கூடாது. ஆகவே நேர்முகத்தில் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். ‘இல்லை’ என்றால் விட்டுவிடுங்கள். கொடுக்கும் கடையிலும் சைவருக்குத் தோதானது எவ்வளவு மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்: பெரும்பாலும் இறைச்சிப் பெந்தோவும் மீன் ஒனிகிரியும்தான். வேலைக்குச் சேர்வதானால் பேச்சு ஜப்பானியம் பழகும், கூலி வரும் என்பதற்காகச் சேருங்கள். சேரும் முன் குடிவரவு அலுவலகத்தில் வேலை அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் உச்சம். இரண்டு கடையில் வேலை பார்த்தாலும் இரண்டையும் கூட்டித்தான் அந்த 28.